இது என்ன நூல்? தருமபுரி, கிருஷ்ணகிரி மக்கள் துணியைப் பற்றி அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பட்டுக்கூடு விளைகிற மாவட்டங்கள் இவை இரண்டும். துணி மொத்த வியாபாரத்துக்குப் பெயர் போன, 'குட்டி சூரத்' என்றே மக்கள் சொல்கிற பர்கூரும் இங்கேதான் இருக்கிறது. அப்படியிருந்தும் துணி எடுக்க வருபவர்களில் பெரும்பாலோர் நிறத்தையும் விலையையும் பார்த்துவிட்டு, நூல் என்ன என்று கேட்காமலே பில் போட்டுவிடுகிறார்கள். துவைத்தால் சுருங்குமா, வெயிலில் புழுங்குமா, எத்தனை வருடம் உழைக்கும் என்பதெல்லாம் நூலைப் பொறுத்தது. ஜவுளிக்கடையில் நிற்கும் எனக்கு இது மனதை உறுத்துகிற விஷயம். அதனால் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன்.

இயற்கை நார், செயற்கை நார் என்று எப்படிப் பிரிக்கிறார்கள்?

செடியிலிருந்தும், விலங்கு, பூச்சிகளிலிருந்தும் நாராகவே கிடைப்பது இயற்கை நார். பருத்தி, சணல், லினன் எல்லாம் செடி வழி. அவற்றின் அடிப்படைப் பொருள் செல்லுலோஸ். பட்டும் கம்பளியும் பூச்சி, விலங்கு வழி. அவை புரதம். இந்த ஒரு வேறுபாடு தெரிந்தால் பாதிக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். எந்த சோப்பு போடலாம், எரித்தால் என்ன வாசனை வரும் என்பதெல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

ஆலையில் உருவாக்கப்படுவதில் இரண்டு வகை உண்டு. பாலியஸ்டர், நைலான், அக்ரிலிக் எல்லாம் பெட்ரோலிய வழிப் பொருட்களிலிருந்து வருபவை. ரேயான் என்கிற விஸ்கோஸ் அப்படியல்ல. அதன் மூலப்பொருள் மரக்கூழ். மரத்தின் செல்லுலோஸை ரசாயனத்தில் கரைத்து, சல்லடை போன்ற நுண்துளைகள் வழியே அமிலக் கரைசலுக்குள் பீய்ச்சினால் மறுபடி இழையாக உறையும். 1892இல் இங்கிலாந்தில் கிராஸ், பெவன், பீடில் என்ற மூவர் இந்த முறைக்குக் காப்புரிமை பெற்றார்கள். அதனால் ரேயானை 'பிளாஸ்டிக் துணி' என்று சொல்வது தவறு. செய்முறைதான் ஆலையுடையது, பொருள் செடியுடையது.

தருமபுரி ஏலத்தில் விற்கும் பட்டுக்கூடு எப்படிப் புடவை நூலாகிறது?

தருமபுரி நான்கு ரோடு பக்கத்தில் அரசுப் பட்டுக்கூடு ஏல அங்காடி இருக்கிறது. ஒருமுறையாவது உள்ளே போய்ப் பாருங்கள். அனுபவமுள்ள வியாபாரி முதலில் கூட்டை விரலால் அழுத்திப் பார்ப்பார். ஓடு கெட்டியாக இருக்க வேண்டும். அப்புறம் காதருகே வைத்து ஆட்டுவார். உள்ளே கூட்டுப்புழு லேசாக உருளும் சத்தம் கேட்டால் நல்ல கூடு. சத்தமே இல்லையென்றால் புழு செத்து ஓட்டோடு ஒட்டியிருக்கலாம். அவசரப்பட்டு முன்கூட்டியே அறுத்த கூட்டில் புழு நசுங்கிக் கறை படிந்திருக்கும். இரண்டு புழுக்கள் சேர்ந்து கட்டிய இரட்டைக் கூட்டில் இழைகள் சிக்கிக்கொண்டு சீராகப் பிரியாது. கறைக் கூடு, இரட்டைக் கூடு, மெலிந்த கூடு இவற்றையெல்லாம் தரம் பிரித்து ஒதுக்காமல் கொண்டு வருபவருக்கு விலை குறைவதற்கு இதுதான் காரணம்.

புழு ஏறக்குறைய 25 நாள் மல்பெரி இலை தின்று, நான்கு முறை தோலுரித்து, பிறகு தலையை எட்டு வடிவத்தில் ஆட்டி ஆட்டி இரண்டு மூன்று நாளில் கூடு கட்டி முடிக்கிறது. நல்ல வெள்ளைக் கூட்டில் அறுபடாத ஒரே இழை ஒரு கிலோமீட்டர் அளவுக்கு வரும். இயற்கை நார்களில் இவ்வளவு நீளம் வேறு எதற்கும் கிடையாது. பருத்தியை சென்டிமீட்டரில்தான் அளக்க முடியும்.

அந்துப்பூச்சி ஓட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டால் இழை அறுந்துபோகும். ஆகவே அதற்கு முன்பே சூட்டில் கூட்டை உலர்த்திவிடுகிறார்கள். பிறகு வெந்நீரில் போட்டால் இழையைப் பிடித்திருக்கும் செரிசின் என்ற பசை இளகும். ஒரு கூட்டின் இழை மட்டும் மிக மெல்லியது என்பதால் ஏழெட்டுக் கூடுகளின் நுனிகளைச் சேர்த்து ஒரே நூலாக இழுக்கிறார்கள். ஒரு கிலோ கச்சாப் பட்டுக்கு நல்ல வெள்ளைக் கூடு ஆறேழு கிலோ வேண்டும். அதற்கு மேல் முறுக்கு ஏற்றி, சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் பசையை நீக்குவார்கள். அப்போது எடையில் ஏறக்குறைய கால் பங்கு போய்விடும். அதன் பிறகுதான் நாம் தொட்டுப் பார்க்கிற வழுவழுப்பு வருகிறது. பளபளப்புக்குக் காரணம் இழையின் வடிவம். அதைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் முக்கோணமாக இருக்கும். ஒளி அதில் பட்டு, பல பக்கமும் சிதறித் திரும்புகிறது.

வெள்ளைக் கூடு, மஞ்சள் கூடு — எது நல்லது?

வெள்ளை பெரும்பாலும் 'இருமுறை' (ஆண்டுக்கு இரண்டு தலைமுறை வரும்) இனங்களின் கலப்பு. இழை நீளம், சீர் இரண்டிலும் அது மேல். மஞ்சள், உள்நாட்டு இனத்தோடு கலந்தது. சூட்டையும் நோயையும் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும், ஆனால் இழை குட்டை. மஞ்சள் நிறம் பசையில் இருப்பதால் வேகவைத்ததும் போய்விடும். நெய்த புடவையைப் பார்த்துக் கூட்டின் நிறத்தைச் சொல்ல முடியாது.

'சாஃப்ட் சில்க்', 'செமி சில்க்', 'ஆர்ட் சில்க்' என்று விற்பதெல்லாம் பட்டுதானா?

ஆர்ட் சில்க் என்றால் செயற்கைப் பட்டு. ஒரு காலத்தில் அது ரேயானைக் குறித்தது. இன்றைக்குக் கடைகளில் பெரும்பாலும் பாலியஸ்டர். செமி சில்க் என்றால் பாவு (நீளவாக்கில் ஓடும் நூல்) ஒரு நூல், ஊடை (குறுக்கே ஓடும் நூல்) வேறு நூலாக இருக்கலாம், அல்லது பட்டே இல்லாமலும் இருக்கலாம். சாஃப்ட் சில்க் என்ற பெயரில் உண்மையான பட்டும் வருகிறது, பாலியஸ்டரும் வருகிறது. அந்தப் பெயர்களை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

குறைந்த விலைப் புடவை கேவலமானது என்று நான் சொல்லவில்லை. வயலுக்கும் பஸ்ஸுக்கும் வேலைக்கும் கட்ட பாலியஸ்டர் புடவை நன்றாகவே உழைக்கும். நூலின் பெயரை மறைத்து, பட்டு விலை வாங்குவதுதான் அநியாயம். கல்யாணத்துக்குக் கடன் வாங்கிப் புடவை எடுப்பவர்கள் இங்கே நிறைய உண்டு. அவர்களை இப்படி ஏமாற்றுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. பட்டு என்று சொன்னால் 'சில்க் மார்க்' முத்திரை கேளுங்கள். மத்தியப் பட்டு வாரியத்தின் முயற்சியில் 2004இல் தொடங்கியது அது. தூய பட்டுக்கு மட்டுமே தருகிறார்கள். பில்லிலும் 'தூய பட்டு' என்று எழுதி வாங்குங்கள். எழுதத் தயங்குகிற கடையில் விலை பேச வேண்டியதில்லை.

வீட்டிலேயே கண்டுபிடிக்க வழி இருக்கிறதா?

இருக்கிறது. எரித்துப் பார்ப்பது. புடவையின் முந்தானை ஓரத்தில் தொங்கும் நூலில் பாவு ஒன்று, அந்த ஓரத்திலேயே குறுக்கே ஓடும் ஊடை ஒன்று உருவி எடுத்துத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே நூல் என்று நினைத்து ஒன்றை மட்டும் எரிப்பவர்கள்தான் ஏமாறுகிறார்கள். தட்டும் இடுக்கியும் வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும். கையில் பிடித்துக்கொண்டு எரிக்காதீர்கள். உருகும் பாலியஸ்டர் தோலில் ஒட்டினால் ஆழமாகச் சுட்டுவிடும்.

பட்டு நெருப்புக்கு அருகே போனதும் சுருண்டு, மெதுவாக எரிந்து, நெருப்பை எடுத்தால் தானே அணையும். முடி கருகும் நாற்றம் வரும். மிஞ்சும் கருப்பு உருண்டையை விரலால் நசுக்கினால் பொடியாகும். கம்பளியும் இப்படித்தான். பருத்தியும் ரேயானும் காகிதம் எரிகிற வாசனையோடு சரசரவென்று எரிந்து சாம்பலாகும். அந்தச் சாம்பலை ஊதினால் பறந்துவிடும். பாலியஸ்டர் முதலில் பின்வாங்கிச் சுருங்கும், உருகும், கருப்புப் புகை விடும். ஆறியதும் கல் போலக் கெட்டியான மணி ஒன்று மிஞ்சும், நசுக்க முடியாது. நைலானும் உருகித்தான் எரியும்.

ஒரு எச்சரிக்கை. ஒரே நூலுக்குள் இரண்டு நார் கலந்திருந்தால் இந்தச் சோதனை சரியாகச் சொல்லாது. அதற்கு ஆய்வகம்தான் வழி.

பருத்தியில் இவ்வளவு விலை வித்தியாசம் ஏன்?

நாரின் நீளம், மெல்லிசு, வலிமை. இந்த மூன்றுதான். அரூர் பக்கம் பருத்தி ஏலத்தைப் பார்த்திருக்கிறீர்களா? வாங்க வருபவர் ஒரு சிட்டிகைப் பஞ்சை எடுத்து இரண்டு கை விரல்களாலும் மெதுவாக இழுத்து, அடுக்கி, மறுபடி இழுப்பார். விரல் நுனியில் நார்கள் ஒரே சீராக நின்றால் அவர் முகம் மாறும். நீளமான நார் என்றால் குறைந்த முறுக்கிலேயே மெல்லிய, வலுவான நூல் கிடைக்கும். குட்டை நாருக்கு முறுக்கு அதிகம் ஏற்ற வேண்டியிருக்கும், நூல் தடிமனாகவும் சொரசொரப்பாகவும் வரும்.

நம் மாநிலத்திலேயே உலகத் தரமான பருத்தி பிறந்திருக்கிறது. கோயம்புத்தூர் ஆராய்ச்சியில் சுஜாதா என்ற ரகத்தையும் செயிண்ட் வின்சென்ட் என்ற கடல்தீவுப் பருத்தியையும் கலந்து 1970களில் உருவாக்கிய ரகம் 'சுவின்'. பெயரே இரண்டின் முதல் எழுத்துகளைச் சேர்த்ததுதான். இந்தியாவின் மிக நீண்ட இழைப் பருத்திகளில் அது முக்கியமானது. வளர்ப்பது கஷ்டம், காலமும் நீளம் என்பதால் பரப்பு சுருங்கிவிட்டது. எனக்கு அதில் உண்மையான வருத்தம் உண்டு.

'மெர்சரைஸ்டு' என்று போட்டிருந்தால் பருத்தி நூலை விறைப்பாகப் பிடித்துக் காஸ்டிக் சோடாவில் நனைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். நார் உப்பி உருண்டையாகி, மினுமினுப்பும் சாயம் பிடிக்கும் சக்தியும் கூடும்.

புதுப் பருத்திச் சட்டை ஒரே துவையலில் சுருங்கிவிட்டது. துணி மோசமா?

அவசியமில்லை. நெசவிலும் பதனிடும்போதும் துணியை இழுத்துப் பிடித்து வைக்கிறார்கள். தண்ணீர் பட்டதும் நார் உப்பி, அந்த இழுவிசை தளர்ந்து துணி பழைய இடத்துக்கு வருகிறது. சுருங்காமல் இருக்க முன்கூட்டியே ஆலையில் சுருக்கிவிடும் 'சான்ஃபரைஸ்டு' முறை உண்டு. அது செய்யாத துணியைத் தைக்கக் கொடுக்கும் முன் ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்து உலர்த்திக் கொடுங்கள்.

சித்திரை வெயிலுக்கு எது நல்லது? பாலியஸ்டர் ஏன் புழுங்குகிறது?

நார் எவ்வளவு ஈரத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும் என்று அளந்து வைத்திருக்கிறார்கள். சாதாரண அறைச் சூழலில் 100 கிராம் உலர்ந்த பருத்தி சுமார் 8 கிராம் ஈரத்தைக் காற்றிலிருந்து ஈர்த்து வைத்திருக்கும். பட்டு 11 கிராம், ரேயான் 11 முதல் 13 கிராம், கம்பளி 16 கிராம். நைலான் 4 கிராம். பாலியஸ்டர் அரை கிராம்கூட இல்லை, 0.4 கிராம்தான்.

வியர்வையை உள்ளே வாங்காத நூல் அதைத் தோலுக்கும் துணிக்கும் நடுவே நிறுத்தி வைக்கிறது. அடர்த்தியாக நெய்த பாலியஸ்டர் சட்டை போட்டுக்கொண்டு பகல் முழுக்க பஸ்ஸில் போனால் உடம்பு கசகசப்பதன் காரணம் இதுதான். அதோடு பாலியஸ்டருக்கு எண்ணெய்ப் பசை மேல் பிரியம். உடம்பு எண்ணெயும் வியர்வை நாற்றமும் அதில் ஒட்டிக்கொண்டு துவைத்தாலும் லேசில் போகாது.

அப்படியானால் விளையாட்டு வீரர்கள் ஏன் பாலியஸ்டர் போடுகிறார்கள் என்று ஒரு கல்லூரிப் பையன் கேட்டான். நல்ல கேள்வி. அந்தத் துணியில் இழைகளுக்கு நடுவே நுண்ணிய வழிகள் வைத்து நெய்கிறார்கள். வியர்வை நாருக்குள் போகாமல் அந்த வழியே மேற்பரப்புக்கு ஓடிச் சீக்கிரம் ஆவியாகிறது. பருத்தி பனியன் அவ்வளவு வியர்வையையும் குடித்துக் கனத்துத் தொங்கும். ஓடுபவருக்கு அது சரிப்படாது. உட்கார்ந்து வேலை செய்பவருக்கு, வயலில் நிற்பவருக்கு, குழந்தைகளுக்குப் பருத்திதான்.

பள்ளிச் சீருடைக்கு ஏன் எப்போதும் டெரிகாட்டன்?

பாலியஸ்டரும் பருத்தியும் கலந்தது டெரிகாட்டன். 67க்கு 33 என்ற விகிதம் சாதாரணமாகக் கிடைக்கும். பாலியஸ்டர் இருப்பதால் கசங்காது, சீக்கிரம் காயும், இஸ்திரி மடிப்பு நிற்கும். பருத்தி இருப்பதால் ஓரளவு ஈரம் வாங்கும். இரண்டு செட் சீருடையை வைத்து வாரம் முழுக்க ஓட்டும் வீட்டுக்கு இது பெரிய உதவி. ஆனால் கழுத்தோரத்திலும் கைமடிப்பிலும் நாளடைவில் சின்னச் சின்ன உருண்டைகள் வரும். பருத்தியில் அப்படி எழும் முனைகள் உடைந்து விழுந்துவிடும். பாலியஸ்டர் வலுவானது என்பதால் அந்த உருண்டைகளை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும்.

ரேயான் நைட்டி துவைக்கும்போதே கிழிகிறதே?

ரேயான் நனைந்தால் வலுவில் ஏறக்குறைய பாதியை இழந்துவிடும். பருத்தி இதற்கு நேர் எதிர், நனைந்தால் இன்னும் வலுவாகும். துவைக்கும் கல்லில் அடித்துத் துவைத்தும் வேட்டி வருடக்கணக்கில் உழைத்தது இதனால்தான். ரேயானைக் கல்லில் அடிக்காதீர்கள், முறுக்கிப் பிழியாதீர்கள். அலசி அப்படியே நிழலில் போடுங்கள். காய்ந்ததும் வலு திரும்பிவிடும்.

மூங்கில் துணி, வாழைநார்த் துணி எல்லாம் உண்மையா?

மூங்கில் துணி என்று விற்பதில் பெரும்பகுதி மூங்கில் கூழிலிருந்து எடுத்த விஸ்கோஸ்தான். மென்மையாக இருக்கும், ஆனால் குணம் ரேயானின் குணம். வாழைநார் உண்மையான நார்தான். தனியாகக் கொஞ்சம் விறைப்பு என்பதால் பருத்தியோடோ பட்டோடோ கலந்து நெய்கிறார்கள். நம் பக்கத்துத் தென்னை நாரில் லிக்னின் என்ற, நாரை மரம்போல விறைப்பாக்கும் பொருள் அதிகம். அது கயிறு, மிதியடிக்குச் சரி, உடம்பில் போட ஆகாது.

எங்களிடம் ஆமணக்கும் மரவள்ளியும் இருக்கிறது. அதில் பட்டு வளர்க்கலாமா?

வளர்க்கலாம். இந்தக் கேள்வி வந்தால் எனக்குச் சந்தோஷம். அந்தப் பட்டுக்கு எரி என்று பெயர். வணிக முறையில் கிடைக்கும் நான்கு பட்டுகளான மல்பெரி, டசர், எரி, முகா எல்லாமே விளையும் ஒரே நாடு இந்தியா. எரி, அசாமிலும் மேகாலயாவிலும் பழங்காலமாகக் கைத்தொழில். புழுவின் முதல் உணவு ஆமணக்கு இலை, அடுத்து மரவள்ளி இலை. அரூர், பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் மரவள்ளிக்குப் பஞ்சமே இல்லை.

எரிக் கூட்டுக்கு ஒரு பக்கம் வாய் திறந்தே இருக்கும். பூச்சி அதன் வழியே வெளியே வந்துவிடலாம், கொல்ல வேண்டியதில்லை. இழை தொடர்ச்சியாக இல்லாததால் மல்பெரி போல இழுத்தெடுக்க முடியாது. பஞ்சு போலத் திரித்துத்தான் நூற்க வேண்டும். ஆகவே துணியில் அந்தக் கண்ணாடிப் பளபளப்பு இருக்காது. பருத்திபோல மேலே மங்கலாகவும், தொட்டால் இதமான கதகதப்போடும் இருக்கும். சால்வைக்கு அருமையானது.

இறங்குமுன் இரண்டு விஷயம். ஒன்று, இலையை அளவாகப் பறிக்க வேண்டும். மரவள்ளியை மொட்டையடித்தால் கிழங்கு இளைத்துவிடும். இரண்டு, மல்பெரிக் கூட்டுக்கு இருப்பது போல எரிக்குப் பக்கத்திலேயே தினசரி ஏலம் கிடையாது. வாங்குபவர் யார் என்று முதலில் உறுதி செய்துகொண்டு புழுவைக் கொண்டு வாருங்கள். பட்டு வளர்ச்சித் துறை அலுவலகத்தில் முதலில் பேசுங்கள். ஓசூரில் மத்தியப் பட்டு வாரியத்தின் மல்பெரி, பட்டுப்புழு மரபு வளச் சேகரிப்பு மையமே இருக்கிறது. இந்தத் தொழிலுக்கு அறிவு தேடி நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை.

தேன்கனிக்கோட்டை, தளி பக்கம் மார்கழிக் குளிருக்கு அக்ரிலிக் ஸ்வெட்டர் போதுமா?

போதும், விலையும் குறைவு. ஆனால் கம்பளிக்கு ஈடாகாது. கம்பளி நாரில் இயல்பாகவே சுருள் உண்டு. அந்தச் சுருளுக்குள் காற்று தங்கிக் குளிரைத் தடுக்கிறது. ஈரத்தை உள்ளே வாங்கும்போதே கொஞ்சம் சூட்டையும் வெளியிடுகிறது. நாரின் மேல் ஓடு வேய்ந்தது போலச் செதில்கள் இருப்பதால் வெந்நீரில் போட்டுக் கசக்கினால் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு துணி கெட்டியாகச் சுருங்கிவிடும். பச்சைத் தண்ணீர், மென்மையான சோப்பு, அவ்வளவுதான். குறும்பர் நெய்த கருங்கம்பளி உங்கள் வீட்டில் இருந்தால் பாதுகாத்து வையுங்கள். இங்கே பரவலாக வளர்க்கும் மேச்சேரி ஆடு, முடி ஆடு. அது இறைச்சிக்கும் தோலுக்கும்தான், கம்பளி தராது.

துவைக்கும்போது, இஸ்திரி போடும்போது முக்கியமாக எதைக் கவனிக்க வேண்டும்?

பட்டுக்கும் கம்பளிக்கும் குளோரின் பிளீச் காட்டவே கூடாது, நார் அரித்துக் கரைந்துபோகும். சலவை சோடாவும் ஆகாது. பட்டை வெயிலில் காயப்போட்டால் மஞ்சளித்து வலு இழக்கும். வியர்வையோடு மடித்து வைத்தாலும் அப்படித்தான். பருத்திக்கு சோடா பரவாயில்லை, அமிலம் ஆகாது. எலுமிச்சை தேய்த்த கறையை நன்றாக அலசிவிடுங்கள்.

இஸ்திரிப் பெட்டியை லினன், பருத்திக்கு முழுச் சூட்டில் வைக்கலாம், கொஞ்சம் ஈரத்தோடு. பட்டுக்கு நடுச் சூட்டுக்கும் குறைவாக, உள்பக்கம் திருப்பிப் போட்டு. பாலியஸ்டர் 250 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் உருகும் என்றாலும் அதற்கு வெகு முன்பே இளகிப் பளபளவென்று தழும்பு விழும். நைலானில் ஒரு வகை 220 டிகிரிக்கு அருகிலேயே உருகிவிடும். கரிப்பெட்டி வைத்துத் தேய்க்கும் இடத்தில் சூட்டைக் கூட்டிக் குறைக்க வழியில்லை. அங்கே கொடுக்கும்போது எது பாலியஸ்டர், எது ரேயான் என்று தனித்தனியாகக் கட்டி, வாயாலும் சொல்லிவிடுங்கள். நூல் தெரியாத துணி என்றால் உள்தையல் ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்குத் தேய்த்துப் பார்த்துவிட்டு மேலே தொடரச் சொல்லுங்கள்.